வளரிளம் பெண் பிள்ளைகள் சுகாதார நிலையத்துக்கு வருவதில்லை: என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி: மண்டபம் பக்கத்து ஆசிரியை

வணக்கம். இராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைக் கிராமம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் பதினோரு ஆண்டுகளாக அறிவியல் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் நான் எழுதப்போகும் மாணவிகள் யாரென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் அதைச் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் படிக்கும் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாட்டுப்படகு மீனவர் வீட்டுப் பிள்ளைகள். தாய்மார்கள் பாசி எடுக்கவோ கருவாடு காயப்போடவோ விடியுமுன்னே போய்விடுவதால், தம்பி தங்கைகளைக் கவனித்து, குழாயில் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் குடங்களையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் பிள்ளை பள்ளிக்கு வருகிறாள். வீட்டுக்கு விலக்கான நாட்களில் இரண்டு மூன்று நாள் வராமல் இருப்பதை வருகைப் பதிவேட்டைப் பார்த்தே கண்டுகொள்ளலாம்.

சென்ற பருவத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். மூன்று வாரமாக இரத்தப்போக்கு நிற்காமல் இருந்திருக்கிறது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் பள்ளியிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஏன் போகவில்லை என்று கேட்டபோது அவள் சொன்ன பதில் இது: "அங்கே சீட்டு எழுதுகிற அக்கா எங்கள் தெருதான், டீச்சர். என்ன செய்கிறது என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்பார்கள். நான் இதைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊரில் வேறு மாதிரிப் பேச்சாகிவிடும்."

இன்னொருத்தியை ஏப்ரல் வரை வகுப்பில் பார்த்தேன். மீன்பிடித் தடைக்காலமும் கோடை விடுமுறையும் ஒன்றாக வருகிற அந்த இரண்டு மாதத்தில், விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் கரையில் இருக்கும் சமயம் பார்த்து, எங்கள் ஊரில் கல்யாணப் பேச்சுகள் முடிந்துவிடுகின்றன. ஜூனில் அவள் வரவில்லை. ஆகஸ்டில் கடைத்தெருவில் பார்த்தபோது கர்ப்பமாக இருந்தாள். வயது பதினேழு.

வளரிளம் பருவத்தினரின் நலனுக்காக 2014 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டம் நம் மாநிலத்திலும் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் சுகாதார நிலையத்தில் அதற்கான பலகையும் மாட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள்தான் போவதில்லை. அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் வருகிறார்கள். அங்கே ஒன்றிரண்டு கோரிக்கைகள்தான் எடுபடும். எதைக் கேட்பது? இரண்டாவதாக, ஒரு பிள்ளை என்னிடம் தனியாக வந்து பேசினால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று நான் வாக்குக் கொடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், தொண்டி

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முப்பத்திரண்டு ஆண்டுகள் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள் நான். தேவிபட்டினம் தொடங்கி வடக்கே தொண்டி வரைக்கும் இந்தக் கரையில் நான் நடக்காத தெரு குறைவு. உங்கள் மாணவி உங்களிடம் சொன்ன பதிலிலேயே நோய் எது என்பது இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு மருந்தும் தெரியும், வழியும் தெரியும். அவளைத் தடுத்தது சீட்டு எழுதுகிற மேசை.

ஆகவே கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை, அந்த மேசையில் நோயைக் கேட்கக்கூடாது என்பதே. பெயர், வயது, ஊர் எழுதிச் சீட்டைக் கொடுத்துவிட்டால் போதும். என்ன தொந்தரவு என்பதைச் செவிலியரோ மருத்துவரோ கதவுக்கு உள்ளே கேட்டுக்கொள்ளலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. மருத்துவ அலுவலர் ஒருவர் மனம் வைத்தால் நாளைக்கே நடக்கும். நான் கடைசியாக வேலை பார்த்த நிலையத்தில் இதைச் செய்தோம். கூடவே ஊசி போடும் அறைக்குப் பக்கத்து அறைக்கு ஒரு திரைச்சீலை வாங்கிப் போட்டோம். கதவு இருந்தாலும் அதைச் சாத்தினால், உள்ளே என்ன நடக்கிறதோ என்று வெளியே காத்திருப்பவர்கள் பார்ப்பார்கள். திரை இருந்தால் அந்தக் கேள்வி எழாது. சின்ன விஷயம்தான், ஆனால் நான் கண்டது இது.

இரண்டாவது நேரம். புறநோயாளிகளைப் பார்க்கும் காலை வேளையில் பிள்ளை வகுப்பில் இருக்கிறாள்; அவள் வீடு திரும்பும் நேரத்தில் அங்கே கூட்டம் கலைந்து, பிரசவம் பார்க்க ஒருவர் மட்டும் இருப்பார். விடுப்பு எடுத்துக்கொண்டு போனால், ஏன் போனாள் என்ற கேள்வி வரும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பிற்பகல் கேளுங்கள்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. "வளரிளம் பெண்கள் பிரச்சினைக்கான நாள்" என்று பலகை வைத்தால் அந்த நாளில் உள்ளே போகிற பெண்ணுக்கு என்னவோ பிரச்சினை என்று ஊரே முடிவு செய்துவிடும். எல்லோரும் வருகிற ஒரு காரணத்தை முன்னால் வையுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரை இருக்கிறது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மாத்திரை இருக்கிறது. உயரம், எடை, இரத்தத்தின் அளவு பார்க்கிறோம் என்று வகுப்பு முழுவதையும் அழைத்துப் போங்கள். ஒவ்வொருத்தியும் செவிலியரோடு திரைக்குள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு வர வேண்டும் என்று வைத்துவிட்டால், பேச வேண்டியது இருக்கிறவள் பேசுவாள், இல்லாதவள் எடையைச் சொல்லிவிட்டு வருவாள். வெளியே நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

திரைக்குள் வந்த பிள்ளையும் நேராகச் சொல்ல மாட்டாள். "வெள்ளைப்படுகிறது" என்பாள், அல்லது "அடிவயிறு வலிக்கிறது" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் சாதாரணமான வெள்ளைப்படுதலும் இருக்கலாம், அரிப்பும் தொற்றும் இருக்கலாம், சொந்தக்காரன் ஒருவன் செய்த கொடுமையும் இருக்கலாம், நாள் தள்ளிப்போன பயமும் இருக்கலாம். செவிலியர் அவசரப்பட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. "எத்தனை நாளாக?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கத் தெரிய வேண்டும்.

என் தவறு ஒன்றையும் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் என்னிடம் தன் காதலைப் பற்றிச் சொன்னாள். நல்லது செய்வதாக நினைத்து அவள் தாயிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் படிப்பு அந்த வாரமே நின்றது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்தத் தெருவிலிருந்து திருமணமாகாத பெண் ஒருத்தியும் என் வாசல் ஏறவில்லை. மருந்துப் பெட்டியும் நானும் அப்படியேதான் இருந்தோம். அவர்களுக்கு என்மேல் இருந்த நம்பிக்கைதான் போய்விட்டது.

நாப்கின் பற்றி: தமிழக அரசு 2011இல் அறிவித்த புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம் என்ற கணக்கில் ஆண்டுக்கு பதினெட்டுப் பொட்டலம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் ஆறு. இரத்தப்போக்கு அதிகமுள்ள பிள்ளைக்கு இது காணாது. மிச்ச நாளுக்குத் துணிதான். அந்தத் துணியை வெயிலில் காயப்போட வெட்கப்பட்டு ஓலைக் கீற்றுக்கு இடையில் செருகி வைக்கிறார்கள். கடற்காற்றின் ஈரத்தில் அது ஒருபோதும் முழுமையாகக் காய்வதில்லை. தொடை இடுக்கில் புண்ணோடு எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று ஊராட்சித் தலைவரிடம் கேட்க மறந்துவிடாதீர்கள்.

பதில் 2: அரசு மகப்பேறு மருத்துவர், இராமநாதபுரம்

செவிலியர் அம்மா எழுதியதை எங்கள் பயிற்சி மருத்துவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ஆசிரியை அவர்களின் இரண்டாம் கேள்விக்கும், அந்த இரு மாணவிகளைப் பற்றியும் நான் எழுதுகிறேன்.

முதல் மாணவி. பூப்படைந்து முதல் இரண்டு ஆண்டுகளில் சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படுவது இன்னும் நிலைப்படாததால் சுழற்சி முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆனால் எட்டு நாளுக்கு மேல் நீடிக்கும் இரத்தப்போக்கும், மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவும் இயல்பல்ல. இரத்தம் உறைவதில் பிறவியிலேயே உள்ள குறைபாடுகள்கூடச் சிலருக்கு முதன்முதலில் இப்படித்தான் தெரியவருகின்றன. ஆகவே இரும்புச்சத்து மாத்திரையோடு நிறுத்திவிடாமல் ஒரு முறை முழுமையான பரிசோதனைக்கு அனுப்புங்கள். பிள்ளைகளையும் தாய்மாரையும் அச்சுறுத்தும் ஒன்றை இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறேன்: திருமணமாகாத பெண்ணுக்கு இந்தத் தொந்தரவுக்காக உள்பரிசோதனை செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. இரத்தப் பரிசோதனையும் வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனும் போதும். இதை முன்கூட்டியே சொன்னால் பாதிப் பயம் தீர்ந்துவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. அந்த நிலையில் ஒரு மாதம் கூடுதலாக இரத்தம் போவதைத் தாங்கும் உடல் எத்தனை பேருக்கு இருக்கும்?

இரண்டாவது மாணவி பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. வளரும் நாடுகளில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களிடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் கர்ப்பங்கள் நிகழ்வதாகவும், அவற்றில் பாதியளவு திட்டமிடாதவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 நிலவரத்துக்குக் கணக்கிட்டிருக்கிறது. இருபது வயதைக் கடந்த தாய்மாரைவிட இவர்களுக்கு வலிப்போடு கூடிய இரத்தக் கொதிப்பும் பிரசவத்துக்குப் பிந்தைய தொற்றும் அதிகம். குழந்தை எடை குறைவாகவோ மாதம் முந்தியோ பிறப்பதும் அதிகம். இவை தவிர்க்க முடியாத ஆபத்துகள் அல்ல. இரத்த அழுத்தத்தையும் இரத்த அளவையும் தொடக்கம் முதல் மாதந்தோறும் பார்த்துவந்தால் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே பிடித்துவிடலாம். ஆனால் பதினேழு வயதுப் பெண்ணைக் குடும்பத்தார் தொடக்கத்திலேயே அழைத்து வருவதில்லை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006இன்படி பெண்ணுக்கு பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று. பதினெட்டு வயதுக்குட்பட்ட மனைவியோடு கொள்ளும் உறவும் வன்புணர்ச்சியே என்று 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியோ பத்தொன்பது வயது நிரம்பியவர்களுக்கே உண்டு. மருத்துவமனைக்குப் போனால் கணவன் மீது வழக்கு வரும், உதவிப் பணமும் கிடைக்காது என்றாகிவிடுவதால் கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணாகிய பிக்மி எண் பதிவதையே தள்ளிப்போடுகிறார்கள், வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், ஏழாம் மாதத்தில் கால் வீங்கிய பிறகு வருகிறார்கள். சட்டத்தைக் குறை சொல்லவில்லை. அந்தச் சட்டத்தால்தான் பல பிள்ளைகள் தப்பியிருக்கிறார்கள். ஆனால் அதன் பயம் கர்ப்பிணிப் பிள்ளையின் சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது என்பதை நாங்கள் வார்டில் பார்க்கிறோம். ஆகவே அந்தப் பெண்ணை எப்படியாவது பார்த்து, வழக்கு என்ன ஆனாலும் சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது என்று சொல்லி, இந்த வாரமே பதிவு செய்ய வையுங்கள்.

இனி வாக்குறுதி. போக்சோ சட்டம் 2012இன் பத்தொன்பதாவது பிரிவின்படி, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவர்மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் விலக்கு இல்லை; தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் விரும்பிக் கொண்ட உறவையும் அந்தச் சட்டம் குற்றமாகவே கொள்கிறது. எனவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முழுமையாக வாக்குக் கொடுக்காதீர்கள். பின்னால் அதை மீற நேர்ந்தால் செவிலியர் அம்மாவுக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். நான் பிள்ளைகளிடம் சொல்வது இது: "நீ சொல்வதை உன் தெருவிலோ வகுப்பிலோ யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் உன் வயதில் ஒருவருக்கு உடல் சம்பந்தமாகச் சில விஷயங்கள் நடந்திருந்தால், சட்டப்படி நான் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அப்படி வந்தால் யாரிடம், என்ன சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்லுவேன்." அவள் பேசத் தொடங்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், இரத்தசோகை, மனக்கவலை என்று பிள்ளைகள் கேட்க வருவனவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு முக்கியமான தெளிவு 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்திடமிருந்து கிடைத்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கருக்கலைப்புக்காக வரும்போது, அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 24 வாரம் வரை சட்டப்படி வழி உண்டு. பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இது தெரியாமல் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கி, இரத்தம் வடிய வடிய ஆட்டோவில் வந்து இறங்குகிற பிள்ளைகளை நினைத்தே இதை விரிவாக எழுதுகிறேன்.

பலகை பற்றி ஒரு வார்த்தை. வளரும் நாடுகளில் நடந்த முயற்சிகளை அலசி 2015இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, தனி இளைஞர் மையங்களும், ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டங்களும், சக மாணவர்களைக் கொண்டு மட்டும் நடத்தப்படும் பிரசாரமும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று சொன்னது. ஏற்கெனவே உள்ள நிலையத்தில் உள்ளவர்களையே பயிற்றுவித்து, அந்தரங்கத்தைக் காத்து, பள்ளியோடும் பெற்றோரோடும் சேர்த்து நீண்ட காலம் நடத்தியவையே நின்றிருக்கின்றன. நீங்கள் புதிய கட்டடம் எதுவும் கேட்க வேண்டாம்.

பதில் 3: இரு பெண்களின் தந்தை, கீழக்கரை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மேலே எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆயினும் தந்தை என்ற முறையில் என் தயக்கத்தைச் சொல்கிறேன். இந்த விஷயங்களை வயதுக்கு முன்பே வகுப்பில் பேசினால் பிள்ளைகளின் மனம் கலையும் என்று நாங்கள் அஞ்சுகிறோம். பெற்றோருக்குத் தெரியாமல் என் மகளோடு ஒருவர் திரைக்குப் பின்னால் பேசுவார் என்பதும் எனக்கு எளிதாக இல்லை. என் மூத்த மகளுக்கு வலி கடுமையாக இருந்தபோது நாங்கள் அழைத்துப் போகாததற்குக் காரணம் வெட்கம்கூட இல்லை. அன்றைக்கு அங்கே ஆண் மருத்துவர் மட்டும் இருந்தார். எங்கள் ஊரில் இதைச் செய்வதானால் பெண் மருத்துவரோ பெண் செவிலியரோ இருக்கும் நாளை முன்கூட்டி அறிவியுங்கள். பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன்னால் தாய்மாரை உட்காரவைத்து, என்ன பேசப்போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். ஜமாஅத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மறைத்துச் செய்வதாகத் தோன்றினால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். சொல்லிவிட்டுச் செய்தால் என் மகளை நானே அழைத்து வருவேன்.

பதில் 4: அரசு மகப்பேறு மருத்துவர், இராமநாதபுரம்

ஐயா, உங்கள் தயக்கம் நியாயமானது. மனம் கலையும் என்ற அச்சத்துக்கு மட்டும் ஒரு விவரம்: பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான பாலியல் கல்வி பிள்ளைகளை முன்கூட்டியே உறவில் ஈடுபடத் தூண்டுவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. தாய்மாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். என்ன பேசப்படும் என்பது தாய்க்குத் தெரியட்டும். தன் பிள்ளை என்ன பேசினாள் என்பதைப் பிள்ளையே விரும்பித் தாயிடம் சொல்லட்டும். இந்த இரண்டையும் பிரித்து வைத்தால் உங்கள் கவலைக்கும் பிள்ளையின் அந்தரங்கத்துக்கும் இடம் கிடைக்கும்.

பதில் 5: மண்டபம் மறுவாழ்வு முகாமிலிருந்து

நான் 1990இல் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்தபோது எனக்கு பதினாறு வயது. பத்துக்குப் பத்து அடி அறையில் ஆறு பேர். விலக்கான நாட்களில் துணியை எங்கே துவைப்பது, எங்கே காயப்போடுவது என்பதே அந்த வயதில் என் பெரிய துயரம். ஓலைக் கீற்றுக்கு இடையில் செருகியது பற்றிச் செவிலியர் அம்மா எழுதியதை வாசித்து அழுதுவிட்டேன்.

அங்கே எங்கள் ஊரில் குடும்ப நல உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். நாங்கள் மிட்வைஃப் அம்மா என்போம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்து வந்த முறை அது என்று பின்னால் படித்தேன். அவர் சைக்கிளில் வீடு வீடாக வருவார், குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். எல்லா வீட்டுக்கும் வருகிறவர் என்பதால் அவர் ஒரு வீட்டுக்குள் போனதை வைத்து யாரும் கதை கட்ட முடியாது. என் அக்காவின் இரண்டு பேறும் அவர் கவனிப்பில்தான் நல்லபடி நடந்தன. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த அம்மாவும் கர்ப்பிணிகளைக் கேட்டார், கல்யாணமானவர்களைக் கேட்டார், வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே வந்த பிறகும் யாரும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்துதான் ஒரு பெண்ணுக்கு உடம்பு வருகிறது என்று எல்லா ஊரிலும் நினைக்கிறார்கள் போலும்.

பதில் 6: படகுத் தொழிலாளி, பாம்பன், வயது 22

எல்லோரும் பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறீர்கள், அது சரிதான். ஆண் பிள்ளைகளுக்காகவும் ஒன்று கேட்கிறேன். பதினைந்து வயதில் படிப்பை விட்டுவிட்டு வல்லத்தில் மீன்பிடிக்கப் போனேன். இரவில் தானாக விந்து வெளியேறுவதைப் பெரிய வியாதி என்று நம்பிக்கொண்டு ஒரு வருடம் தூக்கமில்லாமல் கிடந்தேன். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, விடுதி அறையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் தடைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் கொடுத்து லேகியம் வாங்கினேன். அது இயல்பு, வியாதி இல்லை என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர், வேறொரு காய்ச்சலுக்காகப் போனபோது அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையத்தில் இருந்த ஆலோசகர். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும். பள்ளியை விட்டு நின்ற பையன்களை எந்தச் சனிக்கிழமையில் கூப்பிடுவீர்கள், டீச்சர்? தடைக்காலத்தில் விசைப்படகுப் பையன்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். அப்போது ஏலக்கூடத்துக்கு ஓர் ஆண் செவிலியரை அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் 7: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், தொண்டி

தம்பி எழுதியதை வாசித்த பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முகாமிலிருந்து எழுதிய தங்கை சொன்னதற்கு நேர் எதிரான இடத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சட்டப்படியே கல்யாணமாகி வருகிற பெண்ணும் வளரிளம் பருவத்தவள்தான். பள்ளிக் கணக்கிலும் அவள் இல்லை, கர்ப்பிணிக் கணக்கிலும் இன்னும் ஏறவில்லை. அவளுக்கு முதல் குழந்தையைத் தள்ளிப்போடலாம் என்பதையே யாரும் சொல்வதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிற அந்தரா கருத்தடை ஊசியும் சாயா கருத்தடை மாத்திரையும் 2017 முதல் அரசுத் திட்டத்தில் இலவசமாகவே வந்துவிட்டன. மாமியாரிடம் இதை எடுத்துச் சொல்வதுதான் கடினம். "முதலில் இரத்தம் ஏறட்டும், பிறகு பிள்ளை பெறட்டும், பேரன் எடையோடு பிறப்பான்" என்று சொல்லித்தான் நான் பல மாமியார்களைச் சம்மதிக்க வைத்தேன்.

ஆசிரியையின் பதில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த ஒரு வாரத்தில் நடந்ததைத் தெரிவிக்கிறேன்.

பதினேழு வயது மாணவியின் வீட்டுக்கு எங்கள் சத்துணவு அமைப்பாளரோடு போனேன். அவர் அந்தப் பெண்ணின் சாச்சி முறை. மாமியார் முதலில் கதவடியிலேயே நின்று பேசினார். மருத்துவர் எழுதியதை அப்படியே சொன்னேன். வழக்குப் பற்றிய பயம்தான் முதலில் வந்தது. எதையும் மறைக்காமல், அது வரக்கூடும் என்றே சொன்னேன். வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர்களாகவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதென்று வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராகவாவது எழுத வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள். அதற்கான விண்ணப்பத்தை நான் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். சீட்டு மேசையில் நோயைக் கேட்கக் கூடாது. மாதம் இரண்டு சனிக்கிழமை பிற்பகல், பெண் செவிலியர் இருக்கும் நாளாகப் பார்த்து, எட்டாம் வகுப்பு முதல் எல்லாப் பெண் பிள்ளைகளும் எடையும் இரத்த அளவும் பார்க்க வர வேண்டும். அதற்கு முந்தைய வாரம் தாய்மாருக்கான கூட்டம். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துக்கொள்கிறோம். கழிப்பறைத் தண்ணீரைக் கோரிக்கை என்று சொல்லாமல் ஊராட்சித் தலைவரை நேரே அங்கே அழைத்துப்போய்க் குழாயைத் திறந்து காட்டலாம் என்றிருக்கிறேன். பாம்பன் தம்பியின் யோசனையை ஏப்ரலுக்குள் மீனவர் சங்கத்திடம் பேச வேண்டும்.

செவிலியர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். சீட்டு எழுதும் அந்தச் சகோதரி கெட்டவர் அல்லர். பத்தாண்டுகளாக அப்படிக் கேட்டே பழகியவர். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவர் மேசையைப் பற்றி நான் பேசினால் அவருக்கு அவமானமாகிவிடும் என்று அஞ்சுகிறேன். கூட்டத்துக்கு முன்பே அவரைத் தனியாகப் பார்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

பதில் 8: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர், தொண்டி

அவருக்கும் வயதுக்கு வரும் மகள் இருக்கிறாளா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் அந்தப் பிள்ளைக்கு மாதவிலக்கு நாட்களில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் என்னைக் கூப்பிடுங்கள். தொண்டியிலிருந்து பேருந்தில் நானே வந்து, என்னிடம் பேசிய அந்தப் பிள்ளையின் படிப்பு நின்ற கதையை அவரிடம் சொல்கிறேன்.